பைத்தானிலிருந்து ஊர்க் குழாய் வரை: பைஆல்சாஆடியோ கொண்டு ஒலிக் கார்டை இயக்க முழுமையான வழிகாட்டி

திருத்துறைப்பூண்டிப் பக்கம், வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடையில் உள்ள ஒரு ஊர். அங்கே விவசாயிகள் சங்கக் கட்டடத்தின் மேல் ஒரு குழாய் ஸ்பீக்கர் இருக்கிறது. இன்று எந்த வாய்க்காலுக்கு முறை, எந்த மடை அடைப்பு, உரம் வந்ததா என்பதையெல்லாம் காலையில் அதில்தான் சொல்வார்கள். சொல்லும் ஆள் நடவுக்குப் போய்விட்டால் அன்றைக்கு அறிவிப்பு கிடையாது. அதற்காக ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகை ஒன்றை ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து, பைத்தானில் ஸ்கிரிப்ட் எழுதி, பதிவு செய்த குரலை நேரத்துக்கு ஒலிக்கவிட்டோம். பிறகு சுற்று வட்டாரத்தில் வேறு சில ஊர்ப் பிள்ளைகளும் இதைச் செய்ய வந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில், அவர்கள் சிக்கிய இடங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. நிரல் தெரியாமல் யாரும் சிக்கவில்லை. நாலாவதாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்துதான் சிக்கினார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைக்குத்தான் முக்கிய இடம்.

லினக்ஸில் ஒலி வன்பொருளோடு பேசும் அடித்தளத்துக்கு ஆல்சா என்று பெயர். அந்த ஆல்சாவைப் பைத்தானிலிருந்து தொடுவதற்கான நூலகம் பைஆல்சாஆடியோ. விண்டோஸில் இது ஓடாது. கட்டளைகளையும் பெயர்களையும் இங்கே ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்தா, சிறிய எழுத்தா என்பது முக்கியமான இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

ஒரே கோப்பைத் தினமும் ஒரே நேரத்தில் ஒலிக்கவிட மட்டும்தான் வேண்டுமென்றால் இந்த நூலகம் தேவையில்லை. ஏபிளே என்ற கட்டளையும், குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் க்ரானும் போதும். "வடக்கு வாய்க்கால்", "இன்று", "திறப்பு" என்று தனித்தனித் துண்டுகளைக் கோத்து அறிவிப்பை உருவாக்க வேண்டும், நேரத்துக்கு ஏற்ப ஒலி அளவை மாற்ற வேண்டும், ஒலிக்காமல் போனால் தெரிய வேண்டும் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ராஸ்பெர்ரி பை 4 அல்லது அதற்கு முந்தைய பெரிய பலகை என்றால் 3.5 மில்லிமீட்டர் ஜாக் அதிலேயே இருக்கும். பை 5-இலும் பை ஜீரோவிலும் அந்த ஜாக் கிடையாது. அவற்றுக்கு ஒரு யுஎஸ்பி ஒலிக் கார்டு வாங்க வேண்டும். பலகையை வாங்கி வந்த பிறகு ஜாக்கைத் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

இயங்குதளத்தில் திரை இல்லாத லைட் பதிப்பையே போடுங்கள். திரையுள்ள பதிப்பில் பைப்வயர் என்ற ஒலிச் சேவையும் சேர்ந்து ஓடும். நம் ஸ்கிரிப்ட் கார்டைக் கேட்கும்போது அது ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கலாம். எங்கோ ஒரு அறையில் தனியே ஓடப்போகும் பெட்டிக்குத் திரை எதற்கு?

பலகையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வயர் ஆக்ஸ் என்று எழுதிய துளைக்குப் போக வேண்டும். மைக் துளையில் செருகக் கூடாது. மைக்கிலிருந்து வரும் சமிக்ஞை மிகச் சிறியது என்பதால் அந்தத் துளை அதைப் பல மடங்கு பெருக்கும். பலகையிலிருந்து வருவதோ பெரிய சமிக்ஞை. அதை அங்கே விட்டால் குரல் கரகரவென்று உடைந்துதான் வரும், எந்த ஸ்கிரிப்டாலும் சரிசெய்ய முடியாது. குழாய்க்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் உள்ள வேலையை ஊர் மைக்செட்காரரிடமே விட்டுவிடுங்கள்.

கடற்கரைப் பக்கம் என்றால் இன்னொன்று. உப்புக் காற்றில் ஜாக் முனை பச்சை பூத்துவிடும். குழாய்க்குள் குளவி கூடு கட்டும். சத்தம் மங்கினால் நிரலைத் திறப்பதற்கு முன் இந்த இரண்டையும் பாருங்கள்.

2. பைத்தானைத் தொடாமல் முதலில் சத்தம் வரவழையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். சத்தம் வரவில்லை என்றால் காரணம் வயரில் இருக்கலாம், கார்டில் இருக்கலாம், மியூட்டில் இருக்கலாம், நிரலிலும் இருக்கலாம். நான்கையும் ஒன்றாகத் தேடினால் இரண்டு நாள் போய்விடும். முதல் மூன்றை இங்கேயே முடித்துவிட்டால் மிச்சம் நிரல் மட்டும்தான்.

முதலில் ஏபிளே கட்டளையை, ஒரு சிறு கோடும் சிறிய எல் எழுத்தும் சேர்த்துத் தட்டுங்கள். ஒலிக்கக்கூடிய கார்டுகளின் பட்டியல் வரும். உங்கள் கார்டு அதில் இல்லையென்றால் மேலே போக வேண்டாம். யுஎஸ்பியைக் கழற்றி மாட்டுங்கள், வேறு துளையில் செருகிப் பாருங்கள்.

அடுத்து ஆல்சாமிக்சர். எஃப்6 விசையை அழுத்திக் கார்டைத் தேர்ந்தெடுங்கள். பட்டையின் அடியில் எம்எம் என்று இருந்தால் அது மியூட்டில் இருக்கிறது. எம் விசையைத் தட்டினால் அது இரண்டு சுழியமாக மாறும், அப்போதுதான் வழி திறந்திருக்கிறது என்று பொருள்.

பிறகு ஸ்பீக்கர்-டெஸ்ட் கட்டளையை வேவ் வகையில் ஓட்டுங்கள். ஆங்கிலத்தில் ஒரு குரல் பேசும். அதை முதலில் ஹெட்போனில் கேட்டு உறுதி செய்துவிட்டு, அப்புறம் ஆம்ப்ளிஃபயருக்கு மாற்றுங்கள். நேரே குழாயில் சோதித்தால் ஊரே எழுந்து வந்துவிடும்.

குரலோடு சேர்ந்து "உம்ம்" என்ற இரைச்சல் வந்தால் அது மின் இணைப்பில் உள்ள பூமிக்கம்பிக் கோளாறு. பலகையையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே பிளக் பெட்டியில் மாட்டிப் பாருங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் நடுவில் ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போட வேண்டும்.

3. கார்டை எண்ணால் அழைக்காதீர்கள், பெயரால் அழையுங்கள்

பட்டியலில் கார்டு 0, கார்டு 1 என்று எண் இருக்கும். ஸ்கிரிப்டில் அந்த எண்ணை எழுதத் தோன்றும். வேண்டாம். மின்சாரம் போய் வந்து பலகை மறுபடி எழும்போது எந்தக் கார்டு முதலில் கண்ணில் படுகிறதோ அதற்குத்தான் 0. திரை வயர் மாட்டியிருந்தால் எச்டிஎம்ஐ வெளியீடும் ஒரு கார்டாக நடுவில் நுழையும். நேற்று ஜாக் வழியாக வந்த குரல் இன்று இல்லாத திரைக்குப் போய்க்கொண்டிருக்கும், பிழைச் செய்தியும் வராது.

ப்ராக் அடைவுக்குள் அசவுண்ட் என்ற அடைவு, அதற்குள் கார்ட்ஸ் என்ற கோப்பு. அதைக் கேட் கட்டளையால் படியுங்கள். எண்ணை அடுத்து சதுர அடைப்புக்குள் இருப்பதுதான் கார்டின் பெயர். பை பலகையின் சொந்த ஜாக்குக்கு ஹெட்போன்ஸ் என்று இருக்கும். விலை குறைந்த யுஎஸ்பி கார்டுகளில் பெரும்பாலும் டிவைஸ் என்று மட்டும் இருக்கும்.

அந்தப் பெயரை இரண்டு விதமாக எழுதலாம். எச்டபிள்யூ:கார்ட்=ஹெட்போன்ஸ் என்பது ஒன்று. பிளக்எச்டபிள்யூ:கார்ட்=ஹெட்போன்ஸ் என்பது மற்றொன்று. இரண்டிலும் கார்ட் என்ற சொல் முழுவதும் பெரிய எழுத்து. முதல் வடிவத்தில் ஆல்சா எந்த மாற்றமும் செய்யாது. கார்டு ஏற்காத வேகத்தில் (நொடிக்கு எத்தனை மாதிரிகள், அதாவது ஒலியை அளந்த எண்கள், என்ற கணக்கு) ஒலியைக் கொடுத்தால் ஓடாது, அல்லது வேகம் மாறி ஒலிக்கும். இரண்டாவதில் ஆல்சா நடுவில் நின்று வேகத்தையும் சானல்களையும் கார்டுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும். ஒலிக்கவிடுவதற்குப் பிளக் வடிவம்தான் சரி. ஒலி அளவை மாற்றும்போது மட்டும் பிளக் வடிவம் செல்லாது. ஏனென்று ஏழாவது படியில் வரும்.

4. நூலகத்தை நிறுவுதல்

எளிய வழி, இயங்குதளத்தின் சொந்த நிறுவியான ஆப்ட்தான். பைத்தான்3-ஆல்சாஆடியோ என்ற பொதியைக் கேட்டால் வந்துவிடும். நான் இதையே செய்யச் சொல்வேன்.

பைத்தானின் நிறுவியான பிப் வழியாக நிறுவினால் பெயர் பைஆல்சாஆடியோ. இதில் இரண்டு தடங்கல்கள் உண்டு. முதலாவது, நிறுவும்போது இந்த நூலகத்தின் சி நிரலை நம் கணினியிலேயே தொகுக்க நேரலாம். அதற்கு ஆல்சாவின் தலைப்புக் கோப்புகள் வேண்டும். லிப்அசவுண்ட்2-டெவ், பைத்தான்3-டெவ், ஜிசிசி மூன்றையும் முதலில் ஆப்டில் நிறுவுங்கள். இல்லையென்றால் அசவுண்ட்லிப் கோப்பைக் காணோம் என்று நீண்ட சிவப்புப் பத்தி வரும். இரண்டாவது, இயங்குதளத்தின் புக்வர்ம் பதிப்பிலிருந்து கணினியின் பொதுப் பைத்தானுக்குள் பிப் நேரடியாக எதையும் நிறுவ விடாது. வென்வ் என்ற தனிப் பைத்தான் அடைவை உருவாக்கி அதற்குள் நிறுவ வேண்டும். கட்டாயப்படுத்தி நிறுவும் வழியும் உண்டு. இயங்குதளமே அந்தப் பைத்தானை நம்பியிருப்பதால் அதைத் தொடாமலிருப்பது நல்லது.

நிறுவும்போது பெயர் பைஆல்சாஆடியோ, ஸ்கிரிப்டில் இம்போர்ட் செய்யும்போது வெறும் ஆல்சாஆடியோ. இதில் பலரும் ஒரு முறையாவது குழம்புகிறார்கள்.

இன்னொரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தம்பி தன் முதல் ஸ்கிரிப்டுக்கே ஆல்சாஆடியோ டாட் பிஒய் என்று பெயர் வைத்திருந்தான். பைத்தான் முதலில் அதே அடைவில்தான் தேடும். அதனால் அந்தக் கோப்பு தன்னையே இம்போர்ட் செய்துகொண்டு, ஒலியைக் கார்டுக்கு அனுப்பும் பொருளான பிசிஎம் என்று எதுவும் இல்லை என்றது. நூலகத்தை மூன்று முறை அழித்து நிறுவியும் பயனில்லை. உங்கள் கோப்புக்கு அறிவிப்பு, முறை என்று வேறு எந்தப் பெயரும் வையுங்கள்.

5. முதல் ஸ்கிரிப்ட் கேள்வி கேட்க மட்டும்

எதையும் ஒலிக்கவிடாத ஐந்து வரி ஸ்கிரிப்டோடு தொடங்குங்கள். ஆல்சாஆடியோவில் கார்ட்ஸ், பிசிஎம்ஸ், மிக்சர்ஸ் என்று மூன்று செயல்கூறுகள் உண்டு. மூன்றையும் அழைத்து விடையை அச்சிடுங்கள். மிக்சர்ஸுக்கு மட்டும் டிவைஸ் என்ற விவரத்தில் எச்டபிள்யூ:கார்ட்= என்று தொடங்கும் கார்டுப் பெயரைக் கொடுங்கள்.

மூன்றாவது படியில் பார்த்த பெயர் இங்கேயும் வருகிறதா என்று ஒப்பிடுங்கள். முனையத்தில் வந்து பைத்தானில் வரவில்லை என்றால் பெரும்பாலும் அனுமதிதான் காரணம். உங்கள் பயனர் ஆடியோ குழுவில் இருக்க வேண்டும். குழுவில் சேர்த்த பிறகு ஒரு முறை வெளியேறி உள்ளே வாருங்கள், அதுவரை சேர்த்தது செல்லாது. நிர்வாகி உரிமை தரும் சூடோவைப் போட்டு ஓட்டினால் அப்போதைக்கு வேலை செய்யும். அந்தப் பழக்கம் பிறகு க்ரானில் போய்ச் சிக்கும்.

மிக்சர்ஸ் தந்த பட்டியலை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஏழாவது படிக்குத் தேவைப்படும்.

6. குரலை ஒலிக்கவிடுதல்

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் போவோம்.

முதலில் கோப்பு. சங்கத்து அக்கா கைப்பேசியில் பேசி அனுப்புவது எம்4ஏ ஆகவோ ஓபஸ் ஆகவோ இருக்கும். இரண்டும் சுருக்கப்பட்டவை. பைஆல்சாஆடியோவுக்குச் சுருக்கத்தை விரிக்கத் தெரியாது. அது வெறும் எண்களை மட்டுமே கார்டுக்குத் தள்ளும். எனவே எஃப்எஃப்எம்பெக் என்ற கருவி கொண்டு வேவ் கோப்பாக மாற்றுங்கள். ஒரு சானல், 16 பிட், நொடிக்கு 22,050 மாதிரிகள் போதும். குழாய் ஸ்பீக்கருக்கு அதற்கு மேல் கொடுத்தாலும் வெளியே எடுபடாது. கோப்பின் பின்னொட்டை மட்டும் வேவ் என்று மாற்றி எழுதுவது மாற்றம் ஆகாது. அப்படிச் செய்தால் ரிஃப் ஐடியோடு தொடங்கவில்லை என்று பைத்தானின் வேவ் கூறு சொல்லும். அந்தச் செய்தியைப் பார்த்தால் யாரோ பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

எல்லாத் துண்டுகளும் ஒரே வேகம், ஒரே சானல், ஒரே பிட்டில் இருக்க வேண்டும். கார்டை ஒரு தடவை ஒரு கணக்கில் திறந்துவிட்டால் அதே கணக்கில்தான் எல்லாமே ஒலிக்கும். 44,100 வேகத்தில் பதிவான துண்டு நடுவில் வந்தால் பாதி வேகத்தில், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும்.

இப்போது பிசிஎம் பொருளைத் திறக்கலாம். ஏழு விவரங்களைக் கொடுங்கள். டைப் என்பதற்குப் பிசிஎம்_பிளேபேக். டிவைஸ் என்பதற்குப் பிளக் வடிவப் பெயர். ரேட்டும் சானல்ஸும் வேவ் கோப்பில் உள்ளபடி. ஃபார்மட் என்பதற்கு 16 பிட் என்றால் பிசிஎம்_ஃபார்மட்_எஸ்16_எல்இ. பீரியட்சைஸ் 1024. பீரியட்ஸ் 4. இவற்றைத் திறக்கும்போதே கொடுத்துவிடுங்கள். செட்ரேட், செட்சானல்ஸ் என்று பின்னால் மாற்றும் முறை இணையத்தில் பழைய எடுத்துக்காட்டுகளில் இருக்கும். அது இப்போது கைவிடப்பட்ட முறை.

பீரியட் என்றால் என்ன என்று புரியாமல் இந்தப் படியைத் தாண்டக் கூடாது. நீர்த்தொட்டியிலிருந்து வாய்க்காலுக்குக் குடத்தால் ஊற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் நிற்காமல் ஓட வேண்டும். ஒரு குடம் ஒரு பீரியட். 22,050 வேகத்தில் 1024 மாதிரிகள் ஏறக்குறைய 46 மில்லிநொடி. நாலு குடம் வரிசையில் நின்றால் 186 மில்லிநொடிக்குத் தாங்கும். அதற்குள் அடுத்த குடம் வந்துவிட்டால் போதும். நீங்கள் பீரியட்சைஸ் எதையும் கொடுக்கவில்லை என்றால் நூலகம் எடுத்துக்கொள்வது 32. அது ஒன்றரை மில்லிநொடி கூட இல்லை. எஸ்டி கார்டிலிருந்து படிக்கும் பை பலகை அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்கத் திணறும். வாய்க்கால் வறண்டு, குரல் விட்டு விட்டு வரும்.

திறந்த பிறகு டம்ப்இன்ஃபோ என்பதை ஒரு தடவை அழைத்துப் பாருங்கள். நீங்கள் கேட்டதும் கார்டு ஒப்புக்கொண்டதும் ஒன்றுதானா என்று காட்டும். கார்டு தனக்குத் தோதான பக்கத்து எண்ணுக்கு மாற்றிக்கொள்வது உண்டு.

அடுத்து சுழற்சி. வேவ் கூறின் ரீட்ஃப்ரேம்ஸுக்கு 1024 என்று கொடுத்துப் படியுங்கள். கிடைத்ததை அப்படியே பிசிஎம்மின் ரைட்டுக்குக் கொடுங்கள். தீரும் வரை இதையே திரும்பச் செய்யுங்கள். இயல்பு முறையில் ரைட் தானாகவே காத்திருக்கும், அதனால் நடுவில் ஸ்லீப் போடக் கூடாது. போட்டவர்கள் எல்லோருக்கும் குரல் திக்கியது.

ரைட் திருப்பித் தரும் எண்ணைக் கவனியுங்கள். நேர் எண் என்றால் சரி. புதிய பதிப்புகளில் மைனஸ் 32 வந்தால் வாய்க்கால் வறண்டுவிட்டது என்று பொருள், பீரியட்சைஸை இரட்டிப்பாக்குங்கள். இந்த எண்ணைப் பார்க்காமல் விட்டால் உங்கள் ஸ்கிரிப்டுக்குக் குறை தெரியவே தெரியாது.

கடைசித் துண்டுதான் பெரிய பொறி. கோப்பின் நீளம் 1024-ஆல் சரியாக வகுபடாது. கடைசியில் ஒரு அரைக் குடம் மிஞ்சும். பீரியட் நிறையாத துண்டு, மேற்கொண்டு தரவு வரும் வரை ஒலிக்காமல் நிற்கும். எங்கள் முதல் சோதனையில் பீரியட்சைஸ் 4096 வைத்திருந்தோம். 22,050 வேகத்தில் அது ஐந்தில் ஒரு நொடிக்குச் சற்றுக் குறைவு. பதிவில் இருந்தது "வடக்கு வாய்க்காலுக்கு இன்று தண்ணீர் வராது". குழாயில் வந்தது "தண்ணீர் வரா". கடைசி எழுத்து விழுங்கப்பட்டுவிட்டது. தெருக்கோடியில் நின்றவர் வரும் என்றே எடுத்துக்கொண்டு மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார். கடைமடையில் அந்த ஒரு எழுத்துக்கு ஒரு நாள் உழைப்பு.

இதற்கு இரண்டு வேலைகள் செய்யுங்கள். கடைசித் துண்டு குறைவாக இருந்தால் சுழியப் பைட்டுகளைச் சேர்த்து முழு பீரியட் ஆக்குங்கள். ஒரு சானல் 16 பிட்டில் ஒரு மாதிரிக்கு இரண்டு பைட், ஆக 1024 மாதிரிக்கு 2048 பைட். அதன் பிறகு ஒரு நொடி மௌனத்தையும், அதாவது 44,100 பைட்டுக்குச் சற்றுக் கூடுதலாக 22 முழு பீரியட்களை, எழுதிவிட்டு குளோஸை அழையுங்கள். இனி வெட்டுப்பட்டாலும் மௌனம்தான் வெட்டுப்படும்.

துண்டுகளைக் கோக்கும்போது ஒவ்வொரு துண்டுக்கும் பிசிஎம்மைத் திறந்து மூடாதீர்கள். ஒவ்வொரு முறையும் "டக்" என்ற சத்தம் குழாயில் கேட்கும், சொற்களுக்கு நடுவில் இடைவெளியும் ஒரே மாதிரி இராது. எல்லாத் துண்டுகளின் பைட்டுகளையும் முதலில் வரிசையாகச் சேர்த்து, நடுவில் கால் நொடி மௌனம் வைத்து, மொத்தத்தையும் 2048 பைட்டாக வெட்டி அனுப்புங்கள். சேர்த்த பிறகு வெட்டுவதால் அரைக் குடம் கடைசியில் ஒன்றே ஒன்றுதான் வரும்.

7. ஒலி அளவு: சதவீதத்தை நம்பி ஏமாறாதீர்கள்

ஒலி அளவை மாற்றும் மிக்சர் பொருளை எந்த விவரமும் கொடுக்காமல் திறந்தால் மாஸ்டர் என்ற பெயரைத் தேடும். பை பலகையில் மாஸ்டர் இல்லை. கிடைக்கவில்லை என்ற பிழை வரும். ஐந்தாவது படியில் தாளில் எழுதிய பெயரைக் கன்ட்ரோல் விவரத்தில் கொடுங்கள். சொந்த ஜாக்குக்குப் பதிப்பைப் பொறுத்து பிசிஎம் அல்லது ஹெட்போன் என்று இருக்கும். யுஎஸ்பி கார்டில் ஸ்பீக்கர் என்றோ பிசிஎம் என்றோ இருக்கலாம். எழுத்து பெரிதா சிறிதா என்பதும் அப்படியே பொருந்த வேண்டும்.

டிவைஸ் விவரத்தில் எச்டபிள்யூ வடிவத்தையே எழுதுங்கள். பிளக் என்பது ஒலி ஓட்டத்தை மாற்றும் வசதி. ஒலி அளவுக் குமிழ்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. பிசிஎம்மில் எழுதிய பெயரை அப்படியே நகலெடுத்து இங்கே ஒட்டியவர்களுக்கு, செல்லாத சிடிஎல் என்ற செய்தி வந்தது.

இனி சதவீதம். செட்வால்யூமுக்கு 0 முதல் 100 வரை கொடுக்கலாம். 50 என்றால் பாதிச் சத்தம் என்று நினைக்கத் தோன்றும். பை பலகையின் சொந்த ஜாக்கில் அந்தக் குமிழின் எல்லை மைனஸ் 102.39 டெசிபலிலிருந்து பிளஸ் 4 டெசிபல் வரை. நூலகம் இந்த முழு நீளத்தையும் நூறாகப் பிரிக்கிறது. ஆகவே 50 என்பது மைனஸ் 49 டெசிபல் பக்கம், குழாயில் ஒன்றுமே கேட்காது. 80 என்பது மைனஸ் 17. 90 என்பது மைனஸ் 6.6. ஏறாமலும் இறங்காமலும் உள்ளது உள்ளபடி ஒலிக்கும் இடம் 96. அதற்கு மேல் போனால் உரத்த குரல் உடையும். இந்த ஜாக்கில் நான் 80-க்கும் 96-க்கும் நடுவில்தான் புழங்குகிறேன். ஆல்சாமிக்சர் திரையில் தெரியும் சதவீதம் காது உணர்வதற்கு ஏற்ப வேறு கணக்கில் வருவதால், அங்கே பார்த்த எண்ணை இங்கே எழுதினால் பொருந்தாது.

ஆம்ப்ளிஃபயரின் குமிழை ஒரு நாள் நிதானமாக வைத்துச் சரிபார்த்துவிட்டு, அந்த இடத்தில் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஸ்கிரிப்ட் ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமும் திருகினால் எது சரியான அளவு என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

செட்மியூட் எல்லாக் குமிழ்களுக்கும் இருக்காது. இல்லாததில் அழைத்தால் பிழை வந்து ஸ்கிரிப்ட் நின்றுவிடும், எனவே ட்ரை எக்செப்ட்டுக்குள் வையுங்கள். நீண்ட நேரம் ஓடும் ஸ்கிரிப்ட் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வேறு யாராவது ஆல்சாமிக்சரில் அளவை மாற்றினால், உங்கள் மிக்சர் பொருளின் கெட்வால்யூம் பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும். ஹேண்டில்ஈவெண்ட்ஸை அழைத்த பிறகு கேளுங்கள், அல்லது பொருளைப் புதிதாகத் திறங்கள். நான் ஒவ்வொரு அறிவிப்புக்கும் புதிதாகவே திறக்கிறேன்.

8. நேரம் வைத்து ஓட்டுதல்

கையால் பத்து முறை பிசகில்லாமல் ஓடிய பிறகே க்ரானுக்குப் போங்கள். க்ரானில் ஓடும்போது திரையும் இல்லை, பிழையைப் பார்க்க ஆளும் இல்லை.

பைத்தானுக்கும் ஸ்கிரிப்டுக்கும் வேவ் கோப்புகளுக்கும் முழுப் பாதையை எழுதுங்கள். க்ரான் உங்கள் அடைவில் நின்று ஓடுவதில்லை. வென்வ் பயன்படுத்தினால் அதற்குள் இருக்கும் பைத்தானின் பாதையைக் கொடுங்கள். வெளியீட்டையும் பிழையையும் ஒரு பதிவுக் கோப்புக்குத் திருப்பிவிடுங்கள்.

டெல்டாவில் இதைச் செய்பவர்கள் கடிகாரத்தை மறக்கக் கூடாது. பை 4 வரை பலகையில் மின்கலத்தில் ஓடும் கடிகாரம் கிடையாது. கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து தொடங்கி, இணையம் கிடைத்ததும் சரிசெய்துகொள்ளும். இரவு மூன்று மணி நேரம் மின்சாரம் போய் வந்து, இணையமும் இல்லையென்றால், காலை ஆறு மணி அறிவிப்பு ஒன்பது மணிக்கு வரும். அதற்குள் எல்லோரும் வயலுக்குப் போயிருப்பார்கள். டிஎஸ்3231 என்ற சிறு கடிகாரத் துண்டை மாட்டினால் இந்தத் தொல்லை தீரும். பை 5-இல் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது, மின்கலம் மட்டும் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். நேர வலயத்தை ஏசியா கொல்கத்தா என்று வைத்தீர்களா என்பதையும் பாருங்கள்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. பகலில் வைக்கவும் உரிய அதிகாரியிடம் எழுத்து மூலம் அனுமதி வேண்டும். க்ரானில் சரியான நேரம் எழுதியிருக்கிறோமே என்று விட்டுவிடாமல், ஸ்கிரிப்டின் முதல் வேலையாகவே நேரத்தைப் பார்த்து, அந்த இடைவெளியில் இருந்தால் ஒலிக்காமல் வெளியேறும்படி எழுதுங்கள். கடிகாரம் சரியாக இருந்தால்தான் இந்தத் தடுப்பும் சரியாக வேலை செய்யும் என்பதால் முந்தைய பத்தியை முதலில் முடியுங்கள்.

இரண்டு அறிவிப்புகள் ஒரே நேரத்தில் வந்தால் என்ன ஆகும்? சொந்த ஜாக் ஒரே சமயத்தில் பல ஓட்டங்களை ஏற்கும், இரண்டு குரலும் கலந்து ஒலிக்கும். யுஎஸ்பி கார்டு பொதுவாக ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும், இரண்டாவது ஸ்கிரிப்ட் பிழையோடு விழும். இரண்டுமே வேண்டாம். ஒரு பூட்டுக் கோப்பு வைத்து, முதலாவது முடியும் வரை இரண்டாவதைக் காக்க வையுங்கள்.

9. பிழைச் செய்திகளை வாசிக்கும் விதம்

"டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிசி" என்றால் வேறு யாரோ கார்டைப் பிடித்திருக்கிறார்கள். பைப்வயர், பழைய ஸ்கிரிப்டின் மிச்சம், மறந்துவிட்ட ஸ்பீக்கர்-டெஸ்ட் என்று தேடுங்கள். "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்பதைப் பார்த்ததும் வேவ் கோப்பைத் தேடப் போவார்கள். பிசிஎம் திறக்கும் வரியில் அது வந்தால் கார்டின் பெயர்தான் தவறு. "இன்வேலிட் ஆர்க்யுமென்ட்" என்றால் எச்டபிள்யூ வடிவத்தில் கார்டு ஏற்காத கணக்கைக் கேட்டிருக்கிறீர்கள், பிளக்குக்கு மாறுங்கள்.

பிழையே இல்லாமல் சத்தமும் இல்லையென்றால் இரண்டாவது படிக்குத் திரும்புங்கள். ஸ்பீக்கர்-டெஸ்ட் பேசுகிறதா? பேசினால் ஏழாவது படியில் உங்கள் சதவீதத்தைப் பாருங்கள். பேசவில்லை என்றால் வயரைப் பாருங்கள்.

10. ஒப்படைக்கும் முன் ஒரு சோதனை

அளவுகள் சரியான பிறகு ஆல்சாசிடிஎல் ஸ்டோர் என்ற கட்டளையைச் சூடோவோடு ஒரு முறை கொடுங்கள். மிக்சர் நிலை கோப்பில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை பலகை எழும்போது மீட்கப்படும்.

பிறகு சங்கத்தில் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு, பலகையை முறையாக நிறுத்திவிட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். ஐந்து நிமிடம் விடுங்கள். இணைய வயரையும் கழற்றிவிடுங்கள். மறுபடி போட்டுவிட்டு, விசைப்பலகையைத் தொடாமல், அடுத்த அறிவிப்பு நேரத்துக்காகக் காத்திருங்கள். நீங்கள் அறையில் இருக்க வேண்டாம், தெருக்கோடிக்குப் போய் நில்லுங்கள். கடைசி எழுத்து வரை காதில் விழுந்தால் பெட்டியை மூடி, சாவியை அவர்களிடம் கொடுத்துவிட்டு வரலாம்.